விருத்தத்தில் கொடுத்த பெண்

என் அப்பா என்னை ஒரு விருத்தத்தின் மூன்றாம் அடியில் கல்யாணம் செய்து கொடுத்தார். நான்காம் அடியில் எல்லோரையும் வாழ்த்தி முடித்தார். சபையில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. அந்த அடியில் வந்த பெண் நான்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் சிரித்த முகத்தோடுதான் சொல்வேன். ஆனால் பாட்டு என்பது மென்மையான சமாச்சாரம், அது யாரை என்ன செய்துவிடப் போகிறது என்று யாராவது என் எதிரில் சொன்னால் மட்டும் எனக்குக் காது சூடாகிவிடும்.

நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அப்பா சரக்குக் கொட்டகையில் கிராணி. பகல் முழுக்க மூட்டைக் கணக்கு எழுதுவார். அது அவருக்குச் சோற்றுக்கான வேலை. அவருடைய உண்மையான வேலை பாட்டுக் கட்டுவது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் எந்தத் தமிழர் வீட்டில் கல்யாணம் என்றாலும், கடைத் திறப்பு என்றாலும், காது குத்து என்றாலும், அப்பாவின் வாழ்த்துப்பா இல்லாமல் பந்தி போடமாட்டார்கள். ரோஸ் நிறக் காகிதத்தில் பூக்கரை போட்டு அச்சடித்து, கண்ணாடிச் சட்டத்தில் வைத்து, அவரையே நின்று படிக்கச் சொல்வார்கள். ஊரில் எல்லோரும் அவரைப் புலவர் என்றே கூப்பிட்டார்கள். கிராணி என்று கூப்பிட்டது துரை மட்டும்தான்.

சபையில் பாடினால் போகட்டும். அவர் வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். அம்மா "அரிசி தீந்து போச்சுங்க" என்றால், அரிசியைப் பற்றி இரண்டு அடி எடுத்து விட்டுவிட்டுத்தான் சட்டையை மாட்டுவார்.

"பாட்டை அப்படியே உலையில போட்டுறவா, இல்ல கடைக்கும் போவீங்களா?" என்பாள் அம்மா.

அப்பா சிரித்துக்கொண்டே அதற்கும் ஓர் அடி சொல்வார். தோள்கம்பில் கூடைகளைத் தொங்கவிட்டு வரும் சீனக் காய்கறிக்காரர்கூட எங்கள் வாசலில் நின்று, "பந்துன் தாடா?", பாட்டு இல்லையா என்று கேட்பார். பந்துன் என்பது மலாய்க்காரர்கள் பேச்சுக்கு நடுவே எடுத்துவிடும் நாலு வரிப் பாட்டு. அதைக் கேட்காமல் அவர் கீரைக் கட்டைத் தரையில் வைக்கமாட்டார். அப்பா தமிழில் சொல்வார். அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு ஒரு பிடி கொத்தமல்லியைச் சும்மா போட்டுவிட்டுப் போவார்.

இந்தக் காற்றில் வளர்ந்தவளுக்கு எதுகை மோனை யாராவது சொல்லிக்கொடுத்தா வரவேண்டும்? சளி பிடிப்பது மாதிரி எனக்கும் பிடித்துக்கொண்டது. அதில் லாபமும் இருந்தது. எங்கள் வீட்டில் வேண்டியதை வெறும் பேச்சில் கேட்டால் "பாக்கலாம்" என்று பதில் வரும். அதையே பாட்டாகக் கட்டிக் கேட்டால் கிடைத்துவிடும். எனக்குக் குடை அப்படித்தான் வந்தது. அம்பாங்கில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய் விடுமுறையைக் கழித்ததும் அப்படித்தான். அம்மா பாவம், பாட்டுக் கட்டத் தெரியாதவள். அவளுக்கு ஒரு நல்ல வெண்கலச் சருவம் வேண்டும் என்று நான்தான் பாடி வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வருஷம் நான் கேட்டது அதைவிடப் பெரியது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "நீ இந்த வகுப்பை முடிச்சதும் சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித்தர இங்கேயே இரு. நான் உன்னைத் தயார் பண்றேன்" என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தேனா பறந்தேனா தெரியாது. கரும்பலகைக்கு முன்னால் நான் நிற்பதையும், சின்னப் பெண்கள் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதையும் நினைத்து நினைத்துப் பார்த்தேன். அதற்கும் ஒரு பாட்டுக் கட்டி அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாய்விட்டுப் படித்தார். "சரிம்மா, படி. இரு. சொல்லிக்குடு" என்றார். அம்மா பக்கத்திலேயே இருந்தாள், அவளும் கேட்டாள். நான் இந்த உலகத்தில் வேறு ஒன்றுக்கும் ஆசைப்படவில்லை. இன்றைக்கும் எனக்கு அதுதான் ஆசை, வயதுதான் போய்விட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஜனங்களுக்குப் புலவர் வாக்கு பலிக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சபையில், குத்துவிளக்குக்கு முன்னால், பாட்டாகச் சொன்ன சொல் வெறும் சொல் இல்லை, அது நடந்தே தீரும் என்பார்கள். செந்தூல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவருக்கு வெகுகாலம் பிள்ளை இல்லை. அவர் தம்பி கல்யாணத்தில் அப்பா, இந்த வீட்டில் தொட்டில் ஆடும் என்று பாடிவைத்தார். ஆடியது. அதோடு அப்பாவின் பெயர் செராஸ் வரைக்கும் போய்விட்டது. தொழில் தொடங்குகிறவர்கள், வழக்கு நடத்துகிறவர்கள் எல்லாம் பழத்தட்டோடு வந்து, "நாலு வரி நல்லதா சொல்லுங்க புலவரே" என்று நின்றார்கள். அவர் கெட்டதாகப் பாடிவிட்டால் குடி கெட்டுவிடும் என்று பயந்தவர்களும் உண்டு. அப்பா அதையெல்லாம் நம்பினாரா என்றால் தெரியாது. ஆனால் மறுத்ததே இல்லை. அந்த மரியாதை அவருக்கு இனித்தது. சரக்குக் கொட்டகையில் துரையிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வரும் மனிதருக்கு அது இனிக்காமல் என்ன செய்யும்?

கிள்ளானில் ஒரு மளிகைக்கடை முதலாளி இருந்தார். தோட்டங்களுக்கு அரிசி, பருப்பு, கருவாடு அனுப்புகிறவர். அவர் மூட்டைகள் ரயிலில் வந்து போவதால் அப்பாவுக்குப் பழக்கம். அவர் ஆற்றை ஒட்டிப் போகும் சடக்கில் புதிதாகக் கடை கட்டி, மாடியில் வீடும் வைத்து, திறப்பு விழாவுக்கு எங்களை அழைத்தார். குடும்பத்தோடு போனோம். சந்தனம், பன்னீர், புதுச் சுண்ணாம்பின் வாசனை. அப்பா எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். நான் பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். இதுதான் அவர் படித்தது:

கதிரவன்தான் ஒளிதந்தான், கிள்ளான் ஆறு
கரைததும்பத் தண்ணீரைக் கொண்டு தந்தாள்;
எதிர்கடலோ சரக்கெல்லாம் ஏற்றித் தந்தாள்;
ஏழைநான் என்தருவேன் என்று நின்றேன்;
புதியமனை வாழ்கவெனப் போற்றி, என்றன்
பொன்மகளை விளக்காகத் தந்தேன், வாழ்க!

இரண்டு வரி சேர்ந்தது ஓர் அடி. அதற்கப்புறம் நான்காம் அடி முழுக்க வாழ்க வாழ்க என்று வரும். அதை விட்டுவிடுகிறேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், நன்றாக இருக்கிறது பாருங்கள். இப்போது படித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். சூரியன் கொடுத்தான், ஆறு கொடுத்தது, கடல் கொடுத்தது என்று ஏறிக்கொண்டே போகிற பாட்டுக்கு உச்சியில் ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அவர் கைக்கு எட்டிய தூரத்தில் நான் இருந்தேன்.

"ஆஹா! இன்னொரு தடவை!" என்று கூட்டம் கத்தியது. அவர் மூன்றாம் அடியை மட்டும் இரண்டாம் முறை நீட்டிப் படித்தார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தோளில் இருந்த ஜரிகைத் துண்டை எடுத்து அப்பாவுக்குப் போர்த்தினார். அவருடைய ஒரே மகன் தூண் ஓரத்தில் நின்று யாருக்கோ சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா சீண்டினாள். "என்னங்க, வாய்க்கு வந்தபடி பொண்ணையே தூக்கிக் குடுத்துட்டீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"அது அலங்காரம்டி. அலங்காரம்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. சும்மா சொல்றதா?"

"சும்மா இல்ல. அழகுக்குச் சொல்றது."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது, ஜன்னலை அடைத்துவிட்டுத் தூங்கிப்போனோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் ரிக்‌ஷாக்கள் வந்து நின்றன. முதலாளி, அவர் மனைவி, இன்னும் சில பெரியவர்கள். கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு மாம்பழ நிறப் பட்டு. பசியாறிவிட்டுச் சாய்ந்திருந்த அப்பா துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். குவாட்டர்ஸ் வரிசையில் எல்லாக் கதவுகளிலும் தலைகள் முளைத்தன.

முதலாளி உட்காரவில்லை. நின்றபடியே பேசினார். "புலவரே, நீங்க பொண்ணு இருக்குன்னு சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன். நீங்க சொல்லல, குடுத்துட்டீங்க. என் மனையில, விளக்கு முன்னால, சபை கேக்கக் குடுத்தீங்க. அதை வாங்கிக்காம விட்டா அந்த மனை நிலைக்குமா? நீங்களே சொல்லுங்க."

அவர் மனைவி முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. அவள் மெல்லச் சொன்னாள், "ஈப்போவுல என் அண்ணன் மகளைப் பேசி வச்சிருந்தோம். அதை நிறுத்திட்டாரு. புலவர் வாக்கைத் தட்டக்கூடாதுன்னு ஒரே பிடி."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்த அம்மாளுக்கும் நான் வேண்டாம் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இங்கே யாருமே கேட்காத ஒரு கல்யாணம் தாம்பாளத்தோடு வந்து நிற்கிறது. ஒரே ஒருவர் வாயைத் திறந்தால் எல்லோரும் நிம்மதியாகத் திரும்பிப் போகலாம். அப்பா வாயைத் திறந்தார். ‘ஐயா, அது அலங்காரம், அழகுக்குச் சொன்னது’ என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ரயிலில் அம்மாவிடம் சொன்ன அதே வார்த்தைதான், புதிதாக ஒன்றும் யோசிக்க வேண்டியதில்லை. அவர் வெளியே வரிசையில் நின்ற தலைகளைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார்.

"என் பாக்கியம்" என்றார்.

அவர்கள் போனதும் அம்மா கதவைச் சாத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "வாய்ல வந்ததைப் பாடிட்டு அதுக்காகப் புள்ளையைக் குடுக்கறதா? அவ டீச்சர் ஆவட்டும்னு நீங்கதானே சொன்னீங்க? பாட்டுக்காகச் சொன்னேன் ஐயா, மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா தலையா போயிரும்?"

"அப்படிச் சொன்னா நான் இதுவரைக்கும் பாடினது எல்லாம் பாட்டுக்காகச் சொன்னதுன்னு ஆயிடும். அந்தத் தொட்டில், அந்தக் கேஸு, அத்தனை பேர் கல்யாணம். எல்லாரும் வந்து கேப்பாங்க, அப்போ எங்களுக்குப் பாடினதும் சும்மாதானான்னு."

"கேக்கட்டுமே!"

அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவரும் மாட்டிக்கொண்டார் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. தான் கட்டிய கூண்டில் தானே போய் உட்கார்ந்தார். ஆனால் அவர் கூண்டுக்குக் கதவு இருந்தது. கொஞ்சம் வெட்கப்படத் தயாராக இருந்தால் திறந்துகொண்டு வந்திருக்கலாம். என் கூண்டுக்கு அதுகூட இல்லை.

மறுநாளே என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். நிச்சயமான பெண் சடக்கில் நடந்து போகக்கூடாதாம். பெரிய டீச்சர் ஆள் அனுப்பிக் கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நான் முன் வராந்தாவுக்கு வந்து நின்றாலே எதிர்வீட்டு அக்கா, "கல்யாணப் பொண்ணு வெளிய நிக்கலாமா? உள்ள போ லா" என்று விரட்டுவாள். அவள் நல்லவள்தான். எனக்குத் திருஷ்டி பட்டுவிடும் என்று பயந்தாள். பின்கட்டில் போய் நின்றால் ரயில் பாதை. மதியம் கிள்ளான் வண்டி ஊதிக்கொண்டு போகும். துணி துவைக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். "உன் வண்டி போவுது பாரு." ஒரு நாள் தவறாமல் சொன்னார்கள். முன்னால் போனால் அக்கா, பின்னால் போனால் வண்டி. நடுவில் ஒரு சின்னக் கூடம், அதில் சுவர் முழுக்க அப்பாவின் வாழ்த்துப்பாக்கள்.

அம்மாவைத்தான் பிடித்துக் கேட்டேன். "நீ இன்னொரு தடவை சொல்லும்மா."

"நான் சொன்னா அது சண்டையாத்தான் போவுது. உங்கப்பாவுக்கு வெறும் பேச்சு காதுல ஏறாது. நீ உன் வழியில சொல்லிப் பாரு" என்றாள்.

என் வழி என்றால் பாட்டு. எனக்குக் குடை வாங்கித் தந்த வழி. இந்தத் தடவையும் அதுவே கை கொடுக்கும் என்று நம்பினேன். நம்பாமல் என்ன? அவரிடம் அதுவரை தோற்காத ஆயுதம் அது ஒன்றுதான். அடுப்படியில் உட்கார்ந்து, அடித்து அடித்துத் திருத்தி, அவர் பாடிய அதே சந்தத்திலேயே கட்டினேன்:

விளக்கென்று சொன்னீரே, விளக்குக் கென்றும்
வேண்டுமிடம் கேட்டறிந்து வைப்பா ருண்டோ?
உளத்தினிலே உள்ளதிது: ஒப்ப மாட்டேன்;
ஊர்கேட்டால் பாட்டென்று சொல்லும், அப்பா.

இதற்குமேல் எப்படித் தெளிவாகச் சொல்வது? விளக்கை வைக்கிறவர்கள் விளக்கைக் கேட்டா வைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒப்பமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறேன். அவர் தப்பிப்பதற்கு வழியும் காட்டியிருக்கிறேன். சாயங்காலம் அவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது காகிதத்தைக் கொடுத்தேன்.

அவர் மனதுக்குள் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார். குரல் கொஞ்சம் தேய்ந்திருந்த மாதிரி இருந்தது. தொடையில் தாளம் போட்டார்.

"பலே! விளக்கு, வேண்டுமிடம், மோனை தானா வந்து விழுந்திருக்கு பாரு. மூணாவது வரியில மட்டும் ‘உள்ளதிது’ கொஞ்சம் தட்டுது. பரவாயில்ல. சந்தம் எங்கயும் சிதறல. எனக்கு உன் வயசுல இப்படி வரல."

நான் நின்றுகொண்டே இருந்தேன். இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அதற்குள் அவருடைய கிராணி நண்பர்கள் வந்துவிட்டார்கள். தினமும் ஆறு மணிக்கு மேல் எங்கள் வராந்தாவில் கூடிப் பாட்டுப் பேசுகிற கூட்டம் அது. அப்பா காகிதத்தை அவர்களிடம் நீட்டினார். "என் மகள் எழுதினது, கேளுங்க." அவர்கள் கேட்டார்கள். ஒருவர் ‘ஒப்ப மாட்டேன்’ என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்து, "கல்யாணப் பொண்ணுங்க எல்லாம் இப்படித்தான் சிணுங்கும். அந்தச் சிணுங்கலைப் பாட்டுல கொண்டுவந்துட்டா பாருங்க" என்றார். இன்னொருவர் மறுபடி படிக்கச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொன்னது எங்கள் வராந்தாவில் சுற்றிச் சுற்றி வந்தது. எல்லோரும் ரசித்தார்கள். அடுத்த வீட்டுப் பெண்கள் சுவரோரம் வந்து நின்று ரசித்தார்கள்.

எனக்கு அங்கேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் பாட்டுக்கு அழகுக்குச் சொன்னது வாக்காகிவிட்டது. நான் நெஞ்சில் இருந்ததைச் சொன்னது அழகாகிவிட்டது. ஆண் பிள்ளை நின்று பாடினால் உலகம் கட்டுப்படுகிறது, பெண் பிள்ளை எழுதினால் கோப்பிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்த நாள் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது வழியை மறித்து நின்றேன். எதுகையும் வேண்டாம், மோனையும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா. நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்."

அவர் என் தலையில் கை வைத்தார். மகளைப் பிரியும் தகப்பன் படும் பாட்டைப் பற்றி ஒரு விருத்தம் சொன்னார். மனதில் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார் போலிருக்கிறது, ஓர் இடத்திலும் தடங்கவில்லை. சொல்லி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பேச்சில் கேட்டேன், அவர் பாட்டில் ஏறித் தப்பித்தார். அதற்குப் பிறகு நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். இவருக்குப் பாட்டு தெரியும், பொருள் தெரியாது. ஓசை மட்டும்தான் இவர் காதில் விழும். குருடனிடம் போய்ப் படத்தைக் காட்டினால் அவன் என்ன செய்வான், பாவம் என்று ஆற்றிக்கொண்டேன். அந்த நினைப்பு இல்லாவிட்டால் அவரோடு ஒரே வீட்டில் மிச்ச நாட்களைக் கழித்திருக்க முடியாது. அதை வைத்துக்கொண்டுதான் அவர் இலையில் சோறு போட்டேன், அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன், முகூர்த்தப் பட்டைக் கட்டிக்கொண்டேன்.

கல்யாணம் கோவில் மண்டபத்தில் நடந்தது. அப்பாவே வாழ்த்துப்பா படித்தார். அழாதவர் இல்லை. நான் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அழவில்லை. வியர்வையைத் துடைத்தபடி எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஈப்போ மாமன் மகளைப் பற்றி எத்தனையோ வருஷம் கழித்து ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு மூட்டை எண்ணப் போய்விட்டார்.

மாலையில் எங்களைக் கிள்ளான் வண்டியில் ஏற்றினார்கள். ஜன்னலோரம் என்னை உட்காரவைத்தார்கள். எதிரில் மாமியார், சுற்றிலும் அவர்கள் சொந்தக்காரர்கள். அம்மா பிளாட்பாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "புலவரே, பொண்ணை அனுப்பும்போது ஒரு பாட்டு வேணாமா?" என்று முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். எல்லோரும் அப்பாவுக்கு வழிவிட்டார்கள்.

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வாய் என் காதுக்கு அருகில் வந்தது. எஞ்சின் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"நீ எழுதினது எனக்குப் புரிஞ்சுதும்மா. படிச்ச உடனேயே புரிஞ்சுது."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்தார்.

"அப்போ ஏன்ப்பா மோனை நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

வண்டி அசைந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். என் வாழ்நாளில் அவர் என்னிடம் சொன்ன நேரான பேச்சு அது. அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. கோபம்தான் வந்தது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குப் பொருள் தெரியாது என்று நான் பிடித்து வைத்திருந்த ஒன்றையும் அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். புரிந்தது, புரிந்தே கொடுத்திருக்கிறார். பிளாட்பாரம் பின்னால் போனது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சின்னதாகிக்கொண்டே போனாள். பெட்டியிலிருந்து குதித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். வளையல்கள், மாலை, சுற்றிலும் முழங்கால்கள், எழுந்திருக்கவே இடம் இல்லை.

மாமியார் என் பக்கம் சாய்ந்தாள். நான் மட்டும் ரகசியமாகக் கேட்டது போதாது, எல்லோரும் கேட்க வேண்டும் என்ற ஆசை அவள் முகத்தில் தெரிந்தது. "உங்கப்பா காதுல என்னம்மா சொன்னாரு? பாட்டுதானே? சொல்லு, நாங்களும் கேக்கறோம்."

பெட்டியே என் வாயைப் பார்த்தது. தாலி கட்டியவரும் முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். உள்ளதைச் சொல்லலாம். சொன்னால் அப்பாவின் மானம் அந்தப் பெட்டியோடு கிள்ளானுக்குப் போய்ச் சேரும். அதோடு எனக்கு வேண்டாத கல்யாணம் இது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அவர்களோடுதான் நான் இருந்தாக வேண்டும். எனக்கும் வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

சென்றமனை செழித்தோங்கச் சேர்ந்து வாழ்க;
சேர்ந்தவரைத் தாய்தந்தை என்று கொள்க...

யோசிக்காமலே மேலும் மேலும் வந்தது. தட்டாமல், சிதறாமல், நான்கு அடியும் முழுசாக முடிந்தது. ஈப்போ அண்ணன் மகளுக்காக இத்தனை நாளும் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மாமியார் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"புலவர் வாக்கு. பலிக்காம போயிருமா?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அதில் ஒரு சொல்கூட அப்பா சொன்னதில்லை.